பக்கத்துக்குப் பன்னிரண்டு

வேல்விழிக்குப் பதினோரு பாஷை தெரியும் என்று சங்கரபாண்டியன் அண்ணாச்சி ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தார். திருத்தங்கலில் இருந்த அவருடைய அச்சகத்துக்கு யார் வந்தாலும், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவளைக் கைகாட்டி, "பிரெஞ்சா, ரஷ்யாவா, போலந்தா, எது வேணும்? அந்தப் புள்ள அடிச்சிரும்" என்பார். வந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். வேல்விழி தலையைக் குனிந்துகொள்வாள். அவளுக்குத் தெரிந்த பாஷை தமிழ் ஒன்றுதான். இங்கிலீஷ், பிளஸ் டூ பாஸ் ஆகிற அளவுக்கு.

ஏற்றுமதி ஆகிற தீப்பெட்டி லேபிளிலும் சாக்லேட் உறையிலும் பொடி எழுத்தில் ஏதேதோ பாஷை வரும். தலையில் புள்ளி, காலில் வால், நெஞ்சில் கோடு என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நகை மாட்டியிருக்கும். மற்றவர்கள் அந்த நகையில் ஒன்றிரண்டைத் தொலைத்துவிடுவார்கள். வேல்விழி தொலைக்கமாட்டாள். மூலத்தையும் தான் அடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள். என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியாததால் வாசிக்கிற ஆசையில் கண் ஓடிப்போகாது. அதனால்தான் தப்பே வராது. தெரியாததுதான் அவளுடைய திறமை. அண்ணாச்சி அதற்குப் பதினோரு பாஷை என்று பெயர் வைத்திருந்தார்.

அவளுக்குச் சொந்த ஊர் தாயில்பட்டி. அம்மா வள்ளித்தாய் இருபது வருஷம் பட்டாசு ஆலையில் திரி வெட்டியவள். என் மக வெடிமருந்தைத் தொடக்கூடாது என்று ஒரே பிடிவாதமாக நின்று, மகளைச் சிவகாசிக்கு டிடிபி படிக்க அனுப்பினாள். மகள் படித்துத் திருத்தங்கலில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் எட்டு வருஷமும் பட்டாசுப் பெட்டி லேபிள் தவிர வேறு ஒன்றும் அவள் கைக்கு வரவில்லை. மருந்தைத் தொடாமல் மருந்துக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். கட்டிக்கொண்டதும் எம். புதுப்பட்டி ஆலையில் போர்மேனாக இருக்கிற சங்கிலிமுத்துவை. வள்ளித்தாய்க்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். மாப்பிள்ளை தங்கமானவர் என்பதால் வெளியே சொல்லவில்லை.

வேல்விழியிடம் ஒரே ஒரு குறை, கேள்வி கேட்பாள். இது ஏன் இப்படி, அது சரிதானா, யாரிடமாவது கேட்டாச்சா. ஒருமுறை ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளைக்கு அப்பா பெயரும் முத்துக்கிருஷ்ணன், பொண்ணுக்கு அப்பா பெயரும் முத்துக்கிருஷ்ணன் என்று இருந்தது. எழுதிக் கொடுத்தவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து வேலையை நிறுத்திப்போட்டாள். எழுதிக் கொடுத்தவர் திருச்செந்தூர் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. ரெண்டு நாள் பத்திரிகை அப்படியே கிடந்தது. மூணாம் நாள் ரெண்டு முத்துக்கிருஷ்ணனும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள்.

அன்றைக்கு அண்ணாச்சி ஒரு சட்டம் போட்டார். "தாயி, இனிமே ஒரு வேலைக்கு ஒரு கேள்வி. அதுக்கு மேல கிடையாது. நல்லா யோசிச்சு, அந்த ஒண்ணக் கேளு."

வேல்விழி அதையும் ஒழுங்காகவே கடைப்பிடித்தாள். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முடிவு பண்ணுவதற்கே சில வேலைகளில் அரைநாள் ஆயிற்று.

ஸ்பெயின் ஆர்டர் வந்தபோது இந்தச் சட்டத்துக்கு மூணு வயது.

ஆர்டரைப் பிடித்தது அண்ணாச்சியின் மகன் மணிகண்டராஜ். கோயம்புத்தூரில் எம்பிஏ முடித்துவிட்டு வந்து, காலண்டரும் பட்டாசு லேபிளும் சீசன் வேலை, வருஷம் பூரா ஓடுகிற வேலை வேணும்னா வெளிநாட்டுக்கு நோட்டுப் புத்தகம் போடணும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மும்பையில் ஒரு ஏஜெண்ட் கிடைத்தார். அவர் மூலமாக ஸ்பெயினில் பள்ளிக்கூடச் சாமான் விற்கிற ஒருவர் இருபதாயிரம் நோட்டு கேட்டிருந்தார். ஏஜெண்ட் இங்கிலீஷில் அனுப்பிய மெயில் ரொம்பச் சின்னது. இடது பக்கம் சாதாரணக் கோடு. வலது பக்கம் பென்டகிராம்.

"பென்டகிராம்னா என்ன சார்?" என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். அதைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், கேள்வியை வீணடிக்க வேண்டாம்.

போனில் போட்டதும் திரை பூராவும் நட்சத்திரம். ஐந்து முனை, ஐந்து கோடு. கை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுகிற நட்சத்திரம், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பழகியதுதான். அதற்கு இங்கிலீஷில் இப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பென்டா என்றால் கிரேக்கத்தில் ஐந்து என்று போட்டிருந்தது. நம்ம பஞ்ச மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். கிராம் என்றால் கோடு, எழுத்து. சரிதான், ஐந்து கோடு.

ஆனால் பிள்ளைகள் எழுதுகிற நோட்டில் வலது பக்கம் பூராவும் எதற்கு நட்சத்திரம்? அவள் தன் ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு மணிகண்டராஜிடம் போனாள்.

"சார், ஒரு பக்கத்துக்கு எத்தனை, என்ன அளவு, எப்படிப் போடணும்னு பார்ட்டிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

"இது ஒரு கேள்வியா, மூணு கேள்வியா?"

"ஒண்ணுதான் சார். நடுவுல கமா போட்டிருக்கேன்."

மணிகண்டராஜ் சிரித்துவிட்டு மும்பைக்கு மெயில் போட்டான். மறுநாள் பதில் வந்தது. பக்கத்துக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் மெல்லிசாக ஐந்து கோடு. கறுப்பு மை. எல்லாரும் போடுகிற வழக்கமான அளவுதான்.

இதைவிடத் தெளிவாக ஒரு பதில் வரமுடியாது. வேல்விழி தன் நட்சத்திரத்தின் கோடுகளை எண்ணிப் பார்த்தாள். ஐந்து.

மூணு நாள் உட்கார்ந்து போட்டாள். வரிசைக்கு மூன்றாக நாலு வரிசை. முனைகள் எல்லாம் ஒரே கூர்மை, கோடு கோட்டை வெட்டுகிற இடமெல்லாம் மயிரிழை பிசகாமல். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனில் அந்த வடிவத்தைப் பற்றிப் படித்தாள். ஒரு முனை மேலே பார்த்தால் நல்லது, ரெண்டு முனை மேலே பார்த்தால் சாத்தானின் ஆட்டுத்தலை என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. பதறிப்போய்ச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வந்து பன்னிரண்டையும் சரிபார்த்தாள். எல்லாம் ஒரு முனை மேலே பார்த்துத்தான் நின்றன. ஸ்பெயின் பிள்ளைகளை ஒரு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிய நிம்மதி அவளுக்கு வந்தது.

மிஷின் ஓட்டுகிற நாகையா முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அச்சகத்தில் அவர்தான் மூத்தவர். "என்னத்தா இது, ஜோசியக்காரனுக்குப் போற நோட்டா?"

"இல்லண்ணே, ஸ்கூலுக்கு."

"அங்கன பள்ளிக்கூடத்துல ஜோசியம் சொல்லிக்குடுக்காங்களா?"

அண்ணாச்சியும் வந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு அது கோயிலில் தகட்டில் எழுதுகிற சக்கரம் மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, ஆள் அனுப்பி எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்லி, மிஷினுக்குச் சூடம் காட்டிய பிறகுதான் ஓட்டச் சொன்னார். முதல் தடவையாக வெளிநாட்டுக்காரன் ஒரு விவரமான சாமான் கேட்டிருக்கிறான் என்பது அவர் கருத்து.

மாதிரிப் பக்கத்தை மும்பைக்கு அனுப்பினார்கள். ஏஜெண்ட் மகள் கல்யாணத்தில் இருந்தார். கட்டைவிரலை உயர்த்திய ஒரு படம் பதிலாக வந்தது. இருபதாயிரம் நோட்டும் அடித்து, தைத்து, கட்டி, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினார்கள். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருந்தார்கள். மணிகண்டராஜ் அச்சகத்து வாசலில் ஏற்றுமதியாளர் என்று ஒரு வரி சேர்த்து புதுப் பலகை மாட்டினான். அதையும் வேல்விழிதான் வடிவமைத்தாள்.

ரெண்டு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மணிகண்டராஜின் அறையிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் ஒரு பக்கம் மும்பை ஏஜெண்ட். இன்னொரு பக்கம் வழுக்கைத் தலையும் கனத்த மீசையுமாக ஒருத்தர், பின்னால் அட்டைப் பெட்டிகள். அவர்தான் ஸ்பெயின்காரர். அவர் கையில் வேல்விழியின் நோட்டு விரித்தபடி இருந்தது.

கோபமாக இருப்பார் என்று பார்த்தால் அவர் முகத்தில் கோபம் இல்லை. தீராத ஆச்சரியம்தான் இருந்தது. முதல் ஐந்நூறு நோட்டைக் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்படியே பெட்டி பிரிக்காமல் அனுப்பியிருக்கிறார். தலைமை அம்மா போன் பண்ணி, நாங்கள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தோம் என்று கேட்டிருக்கிறார். ஏஜெண்ட் இதையெல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொல்ல, மணிகண்டராஜ் வேர்த்துக்கொண்டே தமிழில் சொன்னான்.

"பென்டகிராம்தானே சார் கேட்டாக" என்றாள் வேல்விழி.

அந்த ஒரு வார்த்தை ஸ்பெயின்காரருக்கும் புரிந்தது. "பென்டகிராமா, பென்டகிராமா" என்று வேகமாகத் தலையாட்டினார். கீழே குனிந்து வேறொரு நோட்டை எடுத்து விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்கக் கோடு. ஐந்து ஐந்து கோடாக, இடைவெளி விட்டு, மேலிருந்து கீழே பன்னிரண்டு கட்டு. மேலே புள்ளியும் கொம்புமாக என்னவோ எழுதியிருந்தது. அதை விரலால் தொட்டுத் தொட்டு அவர் பாடவே ஆரம்பித்துவிட்டார். தோ, ரே, மி.

வேல்விழிக்கு அப்போதுதான் விளங்கியது. சரிகம எழுதுகிற நோட்டு. இங்கிலீஷ்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் பென்டகிராம் என்றால் நட்சத்திரம். ஸ்பெயின்காரனுக்கு அதே வார்த்தை, ஒரு கால் கூட நீட்டி, பாட்டு எழுதுகிற ஐந்து கோடு. ரெண்டுக்கும் ஒரே கிரேக்கக்காரன்தான் பெயர் வைத்தது மாதிரி இருக்கிறது. ஐந்து, கோடு. கோட்டைப் படுக்கவைத்து வரிசையாகப் போடுவதா, ஒன்றோடொன்று கோத்துப் போடுவதா என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாகையா மெதுவாகச் சொன்னார். "அட, இதுவா. நாலுகோடு நோட்டுக்கு ஒரு கோடு கூடன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே."

திரை அணைந்ததும் மணிகண்டராஜ் வேல்விழி பக்கம் திரும்பினான். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஸ்கூல் நோட்டுல ஏன் ஸ்டாருன்னு ஒருத்தருக்குமா தோணல?"

"தோணுச்சு சார். ஆனா ஒரு கேள்விதான கணக்கு. எத்தனை போடணும்னு கேட்டதுல அது தீந்துபோச்சு."

மூலை நாற்காலியில் இருந்த அண்ணாச்சி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். வேல்விழி தன் இடத்துக்குப் போய் ஐந்து கோடும் பன்னிரண்டு கட்டுமாக ஒரு பக்கம் போட்டாள். நட்சத்திரத்துக்கு மூணு நாள் ஆனது. இதற்கு ஏழு நிமிஷம் ஆனது. போட்டுக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள். அழுதாளா என்று யாரும் கேட்கவில்லை. ஸ்பெயின்காரர் அந்தப் பக்கத்தைப் பார்த்து ரொம்ப அழகு என்று பாராட்டி, இந்தத் தடவை எங்கள் ஊரிலேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டேன் என்று பணிவாக எழுதினார்.

அச்சகத்தில் மிச்சம் கிடந்த நட்சத்திர நோட்டை ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக் கொடுத்தார்கள். தண்டனையா வெகுமதியா என்று யாருக்கும் தெரியவில்லை, வாங்கிக்கொண்டார்கள். வேல்விழியின் மகள் மாரிசெல்வி மூணாம் வகுப்பு. இடது பக்கம் கணக்குப் போட்டாள், வலது பக்கத்தில் நட்சத்திரங்களுக்கு இடையே எழுதினாள். ஒரு வாரத்தில் டீச்சர் ஸ்ரீமதியிடமிருந்து ஆள் வந்தது, அம்மா வந்து பார்க்கணும் என்று.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் டீச்சர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வேல்விழிக்குக் கன்னியாஸ்திரீகள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

"டீச்சர், அது சாத்தான் கீத்தான் இல்ல. நேரா நிக்கிற ஸ்டாருதான்."

"சாத்தானா?" டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் அதச் சொல்லலைங்க. நல்லா எழுதுனா நான் ஒரு ஸ்டார் போடுவேன். இம்புட்டு நாளும் அப்படித்தான் நடந்துக்கிட்டிருந்துச்சு. ஒங்க மக நோட்டுல நான் தொடுறதுக்கு முன்னாடியே பக்கத்துக்குப் பன்னெண்டு ஸ்டார் இருக்கு. மத்த புள்ளைங்கள்லாம் அழுவுதுங்க. நீங்க பிரஸ்லயே போட்டுக் கொண்டாந்தீகன்னா நான் எதுக்கு இங்கன இருக்கேன்?"

வேல்விழி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மற்ற ஒன்பது நோட்டையும் பரணில் போட்டாள். வீட்டுக்கு வந்து சங்கிலிமுத்துவிடம் சொன்னாள். அவன் குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இப்படியே போயிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஸ்பெயின்காரருக்குத்தான் சரக்குக் கிட்டங்கியில் இடம் வேண்டியிருந்தது. தெரிந்த ஒரு ஜெர்மன் வியாபாரியிடம் அத்தனை நோட்டையும் தள்ளிவிட்டார். அந்த ஜெர்மன்காரர் விற்பது மெழுகுவத்தி, காய்ந்த மூலிகை, வண்ணக் கல், ராசிக் கல். நோட்டு ஆறு வாரத்தில் தீர்ந்துபோயிற்று. நோட்டின் கடைசியில் பொடி எழுத்தில் இருந்த முகவரியைப் பிடித்து நேரடியாகத் திருத்தங்கலுக்கே எழுதிவிட்டார். இதே நோட்டு, நாற்பதாயிரம், கறுப்பு அட்டை. வலது பக்கம் பன்னிரண்டு ட்ரூடன்ஃபூஸ்.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் அச்சகத்தில் யாரும் மிஷின் பக்கம் போகவில்லை. ஒருதடவை சூடு பட்டவர்கள். இதற்கு எத்தனை கோடோ, யார் பாட்டோ.

அண்ணாச்சி தானே எழுந்து கண்ணாடித் தடுப்புக்குள் வந்தார். "தாயி, இந்த வேலைக்கு எத்தனை கேள்வி வேணும்னாலும் கேட்டுக்கோ."

வேல்விழி ஒன்பது கேள்வி எழுதினாள். எந்தப் பக்கம் முனை, எந்தக் கோடு மேலே, இது யாருக்கு, எதற்கு, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம். மணிகண்டராஜ் அதை இங்கிலீஷாக்கி அனுப்பினான். இவ்வளவு காலமும் தன்னிடம் யாரும் இதையெல்லாம் கேட்கவில்லையே என்று ஏங்கிக் கிடந்தவர் மாதிரி ஜெர்மன்காரர் ஒன்பதுக்கும் நம்பர் போட்டு நாலு பக்கம் பதில் எழுதினார். ட்ரூடன்ஃபூஸ் என்பதும் அதே நட்சத்திரம்தான், பழைய ஜெர்மன் பெயர். ட்ரூட் என்றால் ஒரு பெண் பேய். தூங்குகிறவர்கள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சு முட்ட அமுக்கும். ஃபூஸ் என்றால் பாதம். அந்தப் பேயின் பாதத்தடம் இப்படி ஐந்து முனையாக இருக்குமாம். அதையே நிலைப்படியிலும் தொட்டிலிலும் வரைந்து வைத்தால் அது உள்ளே வராதாம்.

வேல்விழி அதைப் படித்துவிட்டு நாகையாவிடம் சொன்னாள். "அண்ணே, இது நம்ம அமுக்குவான்."

"அமுக்குவான் அங்கனயும் இருக்கானா?"

"அங்கன பொம்பள."

சங்கிலிமுத்துவிடம் சொன்னபோது அவன் நம்பவே இல்லை. "அமுக்குவானுக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய நோட்டு? தலமாட்டுல வெளக்கமாத்தப் போட்டாப் போதாதா?"

"வெளக்கமாத்த ஏத்துமதி பண்ண முடியாதுல்ல."

ஒரு முனை மேலே, கோடு கொஞ்சம் தடிமனாக, என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலை நடந்தது. நாற்பதாயிரமும் போயிற்று. பின்னாலேயே இன்னொரு ஆர்டர் வந்தது. அதில் பாதி நேர் நட்சத்திரம், பாதி தலைகீழ் நட்சத்திரம். முடி வளர்த்துக்கொண்டு கிதார் வாசிக்கிற பையன்கள் தலைகீழைத்தான் விரும்பி வாங்குகிறார்களாம். சாத்தானுக்குப் பயந்து சோற்றை மூடி வைத்தவள், அதே விரலால் பன்னிரண்டையும் ஒரே தட்டில் கவிழ்த்தாள். அண்ணாச்சி இதற்கு மட்டும் ரெண்டு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார்.

சிவகாசியில் ஒரு ஓட்டலில் அச்சகக்காரர்கள் கூட்டம் நடந்தபோது மணிகண்டராஜைப் பேசக் கூப்பிட்டார்கள். ஐரோப்பியச் சந்தையில் இடைவெளியை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நாற்பது நிமிஷம் பேசினான். வாடிக்கையாளர் கேட்காததைக் கொடுத்துப் பார்க்கும் துணிச்சல் வேண்டும் என்றான். பலமாகக் கைதட்டினார்கள். திரையில் காட்டிய படங்களையெல்லாம் போட்டுக் கொடுத்தது வேல்விழி. ஸ்பெயின் என்ற சொல் அதில் எங்கும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான், பார்த்துக்கொண்டாள்.

போன தை மாசம் ஜெர்மன்காரரே நேரில் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வேட்டி மாதிரி தொளதொளவென்று ஒரு கால்சட்டை, கழுத்தில் வெள்ளி நட்சத்திரம். மிஷினைப் பார்த்தார், நாகையாவைக் கும்பிட்டார், பிறகு இதை வரைந்த கலைஞர் யார் என்று கேட்டார். வேல்விழியைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். இந்தச் சின்னத்துக்கு உங்கள் மண்ணில் என்ன பொருள் என்று அவர் கேட்டார். மணிகண்டராஜ் முந்திக்கொண்டு ஐம்பூதம், ஐம்புலன் என்று ஆரம்பித்தான். ஜெர்மன்காரர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, திரும்பவும் வேல்விழியையே பார்த்தார்.

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எங்க ஊர்ல நோட்டுல டீச்சர் இதப் போட்டா, நல்லா எழுதியிருக்கேன்னு அர்த்தம்" என்றாள்.

மணிகண்டராஜ் அதை, குரு சிஷ்யனுக்கு அளிக்கும் ஞான முத்திரை என்று இங்கிலீஷில் சொன்னான். ஜெர்மன்காரர் கண்ணை மூடித் திறந்து, பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்.

பங்குனியில் புது ஆர்டர் வந்தபோது பின்னட்டைக்கு ஒரு பத்தி வந்திருந்தது, ஜெர்மனில். வேல்விழி வழக்கம்போல எழுத்து எழுத்தாக அடித்தாள். ரெட்டைப் புள்ளி வைத்த எழுத்துகள் பதினாலு, பெரிய வயிறு வைத்த எழுத்து மூணு, எதுவும் தொலையவில்லை. முன்பென்றால் அதோடு விட்டிருப்பாள். இப்போது அவளுக்கு வேறு பழக்கம் வந்திருந்தது. போன் கேமராவை அந்தப் பத்திக்கு நேரே பிடித்தாள். தமிழில் தத்தக்கா பித்தக்கா என்று வந்தாலும் விஷயம் தெரிந்தது. தென்னிந்தியாவின் சிவகாசியில் ஞானிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தம் மாணவர்களின் ஏடுகளில் இந்தப் புனிதக் குறியை இட்டு வருகிறார்கள். ஒரு பெண் கலைஞர் இந்த ரகசியத்தை எமக்குக் கூறினார்.

அவள் மணிகண்டராஜிடம் போனாள். "சார், பல்லாயிரம் வருஷம்னு போட்டிருக்காரு. அந்த டீச்சருக்கே வயசு முப்பதுக்குள்ளதான் இருக்கும்."

"அங்க அப்படிப் போட்டாத்தான் விக்கும். விடு."

"ரகசியம்னும் போட்டிருக்காரு. நான் ரகசியமா ஒண்ணும் சொல்லலையே."

"வேலு, அது அவன் நோட்டு."

"சரி சார். சிவகாசின்னு போட்டிருக்காரு. நாம இருக்கிறது திருத்தங்கல். டீச்சர் இருக்கிறதும் திருத்தங்கல்."

மணிகண்டராஜ் தலையைச் சொறிந்தான். அது ஒன்றுதான் மாற்றக்கூடியதாக அவனுக்கும் தெரிந்தது. மெயில் போட்டார்கள். ஜெர்மன்காரருக்கு ஒரே சந்தோஷம். சிவகாசி என்ற பெயரைச் சிலர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறார்கள், திருத்தங்கலை யாரும் கேள்விப்பட்டதில்லை, அதுதான் இன்னும் பொருத்தம் என்று எழுதினார். இப்படியாக அந்தப் பத்தியில் ஒரு வார்த்தை உண்மையாயிற்று. அன்று சாயங்காலமே அச்சுக்குப் பிளேட் போட்டுவிட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் இத்தாலியிலிருந்து ஓர் ஆர்டர், பழைய மும்பை ஏஜெண்ட் மூலமாகவே. மகள் கல்யாணக் கடனெல்லாம் முடித்து அவர் திரும்பத் தொழிலில் இறங்கியிருந்தார். சின்ன மெயில்தான். நோட்டு, வலது பக்கம் பென்டகிராம்மா. வேல்விழி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். இடது பாதியில் ஒரு நட்சத்திரம், வலது பாதியில் ஐந்து கோடு, கையாலேயே போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கீழே, இதுவா அதுவா, ஒன்றுக்கு டிக் போடவும்.

ஏஜெண்ட் போன் பண்ணி மணிகண்டராஜிடம் கத்தினார். பார்ட்டியைக் குழப்பாதீர்கள், எல்லாரும் போடுகிற வழக்கமானதுதான், பக்கத்துக்குப் பத்து என்றார். மணிகண்டராஜ் வெளியே வந்து, "வேலு, கோடுன்னே வச்சு ஓட்டிருவோமா? இத்தாலிக்காரனும் பாட்டுக்காரன்தான?" என்றான்.

"பாட்டுக்காரரா இருக்கலாம் சார். மெழுகுவத்தி விக்கிறவராவும் இருக்கலாம். டிக் வரட்டும்."

"தாள் வந்து எறங்கிருச்சு. மிஷின் சும்மா நிக்குது."

"நிக்கட்டும் சார்."

மணிகண்டராஜ் அப்பாவைப் பார்த்தான். அண்ணாச்சி காலண்டர் கணக்கை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார். நாகையா மிஷினைத் துடைத்து, மேலே துணியைப் போட்டு மூடி, டீ குடிக்கக் கிளம்பிப் போனார். வேல்விழி அடுத்த வேலையை எடுத்தாள். அது விருதுநகர்க்காரர் ஒருவருக்கு ஊறுகாய் லேபிள், தமிழில் இருந்தது. அதில் அவளுக்கு நாலு சந்தேகம் இருந்தது. போனை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.